ஒன்றைக் கூட்ட மறந்தால்

லிஃப்ட்காரர் மறுபடியும் கையைத் தூக்கியதுமே ஸ்டோர்கீப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நிர்வாகமே நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பு அது. தேர்வில் தேறினால் கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்த வேலை. பன்னிரண்டு வருஷமாக மருந்துப் பெட்டி தூக்கியே முதுகு போய்விட்டது அவளுக்கு. இதை விட்டால் வேறு கதியில்லை. இந்த மனுஷரானால் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு வகுப்பு நேரத்தைத் தின்று தீர்க்கிறார்.

அந்த வாரம், ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் பாடம். ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் திரையில் வர வேண்டும்.

"டீச்சர், ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு கூட்ட மறந்துட்டா என்ன ஆகும்? ஒண்ணு ஒண்ணுன்னே வந்துக்கிட்டு இருக்குமா?"

வகுப்பே சிரித்தது. இதைப் போய் யாராவது மறப்பார்களா? அவளும் சிரித்தபடியே தன் திரையில் விட்டுப்போன வரியைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டாள்.

முந்தின நாளும் இப்படித்தான். பத்தைவிடக் குறைவு என்று போட்டால் ஒன்பதோடு நின்றுவிடுமா என்று ஒரு சந்தேகம். டீச்சர் அதற்குக் கால் மணி நேரம் விளக்கினாள். ஸ்டோர்கீப்பர் மட்டும் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

பொறுக்கமாட்டாமல் டீச்சரிடம் புகாரே சொல்லிவிட்டாள், அவரை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லி. டீச்சர் சிரித்தாளே தவிர, ஒன்றும் செய்யவில்லை.

தேர்வன்று லிஃப்ட்காரர் பத்தே நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். 'ஒன்றும் தெரியவில்லை போல, பாவம்' என்று நினைத்துக்கொண்டாள். தன்னுடையதில் ஒன்றைக் கூட்டியிருக்கிறோமா, பத்து வரை வருகிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

முடிவு வந்தது. அவள் தேறிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் பட்டியலில் முதல் ஆள் லிஃப்ட்காரர், நூற்றுக்கு நூறு.

நேரே போய் லிஃப்டில் ஏறினாள்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா அண்ணே அத்தனை கேள்வி கேட்டீங்க?"

"கேக்க வேண்டியவங்க கேக்கலையேம்மா."

"யாரு அது?"

அவர் மாடிக்கான பொத்தானை அழுத்தினார்.

"அது எதுக்கும்மா இப்போ? நான் உக்காந்த இடத்துலேர்ந்து முன்னாடி இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் எனக்குத் தெரிஞ்சுது."