கடைசித் தாளை ஒட்டாத பசை

பசை டப்பாவுக்கு அந்தக் கடைசித் தாளின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிற மேகலா வருஷம் பூராவும் சமூக அறிவியல் புராஜெக்ட் நோட்டில் கடையில் வாங்கிய படங்களை வெட்டி வெட்டி ஒட்டினாள். அணைக்கட்டு, தறி, தேர்தல் எதுவானாலும் பசை மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொண்டது. இப்போது முடிவாக, ‘இந்த வருஷம் நான் கற்றது’ என்று ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறாள்.

“ஏம்ப்பா பேனா, என்னத்தை எழுதித் தொலைச்சே?” என்று கேட்டது பசை.

“‘தறியைப் பற்றி எட்டுப் பக்கம் ஒட்டினேன். பக்கத்துத் தெரு நெசவாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.’ அவ நினைச்சா, நான் எழுதினேன்.”

“படமில்லை, பளபளப்பில்லை. இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு. டீச்சர் மார்க்கைக் குறைச்சா பிள்ளை அழுவா. நான் ஒட்டமாட்டேன்” என்று பசை மூக்கை அடைத்துக்கொண்டது.

மேகலா அழுத்திப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து, நசுக்கித் தாளின் ஓரத்தில் தேய்த்தாள்.

“டேய் பருக்கை, நீ ஒட்டுறது என்னன்னு தெரியுமாடா?” என்று சீறியது பசை.

“படிச்சுப் பார்த்துட்டுத்தான் ஒட்டுறேன் அண்ணே. அந்தத் தறியை ஒட்டும்போது நீங்க படிச்சீங்களா?”

பருக்கை காய்ந்து, தாளை இறுகப் பிடித்துக்கொண்டது.