பதினோரு மணி இன்டர்வியூ

“பத்து நிமிஷம் லேட்டும்மா. பரவால்ல, உக்காருங்க.”

ஜாஸ்மின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேஜை மேல் திறந்து கிடந்த லேப்டாப் கண்ணில் பட்டது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டர். முதலாளி அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஆல்வின்தான் இங்க சீனியர். தெரிஞ்சவங்க ஒருத்தங்க பதினோரு மணிக்கு இன்டர்வியூவுக்கு வருவாங்கன்னு சொல்லிட்டு, ஒரு வேலையா பள்ளிக்கரணை போயிருக்கான். ரெஸ்யூமே கொண்டு வந்தீங்களா?”

“இல்ல சார்.”

“வேணாம் விடுங்க. பேப்பரப் பாத்து ஆள் எடுத்து ரெண்டு தடவை ஏமாந்துட்டேன். கைவேலையக் காட்டுங்க.” லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். “இதான் டெஸ்ட். விண்டோஸ் கெட்டுப்போச்சு. புதுசாப் போடலாம்னா பென் டிரைவ்லேர்ந்து ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. ஆல்வின் ரெண்டு நாள் மல்லுக்கட்டிட்டு, உள்ள இருக்கற மதர்போர்டே போயிடுச்சுன்னு கைய விரிச்சுட்டான்.”

“போர்டு போயிருக்காது சார்,” என்றாள் ஜாஸ்மின் வெடுக்கென்று.

“தொடாமலே சொல்றீங்க?”

பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்தாள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் தெரிந்தது. வேறு யு.எஸ்.பி. துளையில் செருகினாள். அதே கதை. பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பிறகு பென் டிரைவைப் பிடுங்கி, கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

“சார், இது பழைய மாடல் மெஷினுக்குத் தயார் பண்ண பென் டிரைவ். இந்த லேப்டாப் இத ஏத்துக்காது. மறுபடி தயார் பண்ணணும்.”

“பண்ணுங்க,” என்றார் அனந்தகிருஷ்ணன். அவர் குரலில் லேசாக மரியாதை ஏறியிருந்தது.

பென் டிரைவ் தயாராகிற நேரத்தில் அவருக்குப் பேச ஆள் கிடைத்தது.

“இந்த மெஷினோட ஓனர் யாரோ டீச்சராம். தினம் ரெண்டு தடவை போன் பண்ணி ஆல்வின் உயிர எடுக்கறாங்களாம். நானே வந்து பாக்கட்டுமான்னு வேற கேட்டாங்களாம். கஸ்டமர் தொடற வேலையா இது? சரியான சண்டைக்காரி போல.”

ஜாஸ்மின் நிமிரவில்லை. “அப்படி என்ன சார் இருக்கு இதுல?”

“காது கேக்காத பசங்களுக்கு சைகைல பாடம் நடத்தி வீடியோவா எடுத்து வெச்சிருக்காங்களாம். எட்டு மாச உழைப்பாம். அடுத்த மாசம் பசங்களுக்கு பப்ளிக் எக்ஸாமாம். இவ்ளோ பேசறவங்க வேற எதுலயும் ஒரு காப்பி எடுத்து வைக்கல பாருங்க.”

“தப்புதான் சார்,” என்றாள் ஜாஸ்மின் மெதுவாக.

இந்த முறை மெனுவில் பென் டிரைவ் தெரிந்தது. என்டரைத் தட்டினாள். விண்டோஸ் லோகோ வந்தது. அதற்குக் கீழே புள்ளிகள் சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. பத்து நிமிடம் கழித்துத் திரை அப்படியே உறைந்து நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

“போதும்மா. இவ்ளோ தூரம் ஆல்வினே வரல. டெஸ்ட்ல நீங்க பாஸ். எழுந்திரிங்க, சாப்பிடப் போகலாம்.”

“இன்னும் ஒரு தடவை சார். ப்ளீஸ்.”

“மணி ஒண்ணரை ஆச்சு.”

“நீங்க போயிட்டு வாங்க சார். நான் இத முடிக்காம எழுந்திரிக்க மாட்டேன்.”

அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். ஆனால் லேப்டாப் திரையில், எந்த மொழி வேண்டும் என்று விண்டோஸ் கேட்டுக்கொண்டிருந்தது.

“எப்படிம்மா?”

“ஆல்வின் டவுன்லோட் பண்ணி வெச்சிருந்த விண்டோஸ் பைலே முழுசா இல்ல சார், பாதியில அறுந்திருக்கு. புதுசா இறக்கினேன்.”

“பலே! சட்டுனு மொத்த டிஸ்க்கையும் அழிச்சிட்டு இன்ஸ்டால் குடுங்க. அதான் சுலபம்.”

“ஐயோ, வேணாம் சார்!” மவுஸை அவர் பிடுங்கிவிடுவார் போல இரு கையாலும் மூடிக்கொண்டாள். “சி டிரைவ மட்டும் அழிச்சாப் போதும். டி டிரைவ்லதான் எல்லா வீடியோவும் இருக்கும்.”

அரை மணி நேரத்தில் புது விண்டோஸ் எழுந்து நின்றது. டி டிரைவைத் திறந்தாள். ஃபோல்டர்கள் வரிசையாக, ஒன்று விடாமல் இருந்தன. ஜாஸ்மின் கண்களை மூடி மூச்சு விட்டாள்.

“எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?”

“மூணு நாளா இதே நெனப்புதான் சார். தேடித் தேடிப் படிச்சேன்.”

“ஒரு இன்டர்வியூவுக்கு இப்படித் தயார் பண்ணிட்டு வந்த ஆள நான் பாத்ததே இல்ல! திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வந்துடுங்க.” செல்போனை எடுத்தார். “முதல்ல அந்த சண்டைக்கார டீச்சருக்கு நல்ல சேதி சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி ஒரு வீடியோவ ஓட்டிக் காட்டுங்க, சரியா ஓடுதான்னு பாத்துடலாம்.”

ஜாஸ்மின் ஒரு கணம் தயங்கினாள். பிறகு முதல் வீடியோவைத் தட்டினாள்.

சத்தமில்லாமல் ஓடியது பாடம். கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஒரு பெண் இரண்டு கைகளாலும் பேசிக்கொண்டிருந்தாள். அனந்தகிருஷ்ணன் திரையைப் பார்த்தார். திரும்பி ஜாஸ்மினைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“போன் வேணாம் சார்,” என்றாள் அவள். “நேர்லயே வாங்கிக்கறேன்.”