அவசரத்துக்கு ஒரு பெயர்

மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போக, அமலோற்பவம் கைபேசியில் பயண அனுமதி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். 'அவசரத்துக்கு உங்கள் நாட்டில் யாரைத் தொடர்புகொள்வது?' என்ற கேள்வியில் விரல் நின்றுவிட்டது. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே அண்ணனும் போன மாசியில் போய்விட்டார். கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மறுத்தது.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தவள், எழுந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். தண்ணீர்த்தொட்டிச் சண்டைக்குப் பிறகு செண்பகவல்லியோடு பேச்சு நின்று ஒன்பது வருடமிருக்கும்.

"எனக்கு ஏதாச்சும் ஆனா தகவல் சொல்ல ஒரு ஆள் பேரு கேக்குது. உங்க பேரைப் போட்டுக்கவா?"

செண்பகவல்லி உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தவள், கைபேசியை வாங்கித் தன் பெயரையும் எண்ணையும் நிதானமாகத் தட்டினாள்.

"என்ன உறவுன்னு கேக்குதே, என்ன போட?"

அமலோற்பவம் திரையை எட்டிப் பார்த்தாள். "நீங்களே பாத்துப் போடுங்கக்கா."

செண்பகவல்லி திரையில் விரிந்த உறவுகளின் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"உள்ள வந்து உக்காரு," என்றாள். "இது நின்னுக்கிட்டே போடுற விஷயமில்ல."