மிதி, பிடி, விடு

"கால் வலிக்குது தம்பி. முழங்காலை மடக்கவே முடியல" என்றார் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர்.

"பத்தே நிமிஷம்ண்ணே. காருக்குள்ள உக்காந்து, நான் சொல்றப்ப பிரேக்கை மிதிக்கணும். அவ்வளவுதான்."

"அதான் முடியலங்கிறேனே."

"நேத்து சாயந்திரம் வரைக்கும் பஸ் ஓட்டினீங்களே?"

"பஸ் பெடல் பெரிசு தம்பி. அது வேற, இது வேற."

உதவி கேட்டவருக்குத் தெருவில் 'ரேஸ்' என்று பெயர். பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தார். அது வந்த நாளிலிருந்து ஓர் அடி நகரவில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

லீவு நாளெல்லாம் ஷெட்டே கதியென்று கிடந்து ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், பிரேக் டிஸ்க், பேடு என்று அத்தனையும் தன் கையாலேயே மாற்றிவிட்டார். பாக்கி ஒரே வேலை. பிரேக் குழாயில் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்குத்தான் இரண்டு பேர். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் இருக்கும் திருகைத் திறந்து மூட வேண்டும்.

வீட்டில் இரண்டாவது ஆள் இருந்தாள். ஆனால் அவரும் மனைவியும் பேசிப் பதினோரு நாளாகிறது. 'பால் தீர்ந்தது', 'கரண்ட் பில் கடைசி நாள்' எல்லாம் ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டுதான். நாளைக் காலை அக்கா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டாள். அதற்கும் ஒரு சீட்டு. எத்தனை நாள் என்று அதில் எழுதவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரரைக் கேட்கலாமென்று ரேஸ் தெருவில் இறங்கினார். அவரை முந்திக்கொண்டு டிரைவர் விறுவிறுவென்று தெருவைக் கடந்தார்.

"டெய்லரே, வாங்க, ஒரு ஆட்டம் செஸ் போடலாம்!"

கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"முழங்கால் மடங்காத மூஞ்சியைப் பாரு!" ரேஸ் பல்லைக் கடித்தார்.

வேறு வழியில்லை. மாப் கம்பை எடுத்து, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்சக்கரத்துப் பக்கம் போய்த் திருகைத் திறந்தார். பெடல் இறங்கியது. கம்பு நழுவி ஸ்டியரிங்கில் சரிந்தது.

பாஆஆஆம்!

தெருவே எட்டிப் பார்த்தது. மனைவி ஷெட்டுக்கு வந்தாள். கம்பை உருவி ஓரமாகச் சாத்தினாள். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரேஸ் சக்கரத்துப் பக்கம் குனிந்தபடி தொண்டையைச் செருமினார்.

"மிதி."

தலையைத் தூக்கிக் கார் ஜன்னலைப் பார்த்தார்.

"மிதிச்சாச்சான்னு சொல்லணும். இங்கேருந்து எனக்குத் தெரியாது. தெரியாம திறந்தா காத்து திரும்பவும் உள்ளே போயிடும்."

'பாம்' என்று ஹார்ன் ஒருமுறை அடித்தது.

"பிடி."

'பாம்.'

"விடு."

'பாம்.'

முதல் சக்கரம் இப்படியே முடிந்தது. இரண்டாவது சக்கரத்தில் தையல்காரரின் மனைவி ஜன்னலைத் திறந்து, "யாருப்பா அது, சும்மா சும்மா ஹார்ன் அடிக்கிறது?" என்று கத்தினாள்.

அடுத்த 'மிதி'க்கு மெல்லிய குரல் வந்தது. "மிதிச்சாச்சு."

ரேஸின் கையிலிருந்து ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது.

"பிடி."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஒன்பது வருஷமா."

திருகில் மாட்டிய குழாய் வழியே நுரை நுரையாகக் காற்றும் ஆயிலும் கீழே வைத்திருந்த பாட்டிலுக்குள் இறங்கின. ரேஸ் திருகை மூடினார்.

"விடு. இங்க பாரு... ஐஸ்கிரீம் பக்கத்துல காரோட ரப்பர் புஷ்ஷையெல்லாம் வெச்சது தப்புதான். குளிர வெச்சா கொஞ்சம் சுருங்கும், ஈஸியா உள்ளே இறங்கும்னு..."

"ஃப்ரீசர்ல வெச்சதுக்கா கோபம்?" குரல் உடைந்தது. "என் மேனேஜர் முதல்முறையா வீட்டுக்கு வந்திருக்காங்க. நான் ஃப்ரீசரைத் திறக்கறேன். 'ஏய், அதைத் தொடாதே'ன்னு அவங்க முன்னாடியே கத்தினீங்க. என்னமோ நான் திருட வந்தவ மாதிரி."

ரேஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாளும் அவர் ரப்பரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கத்தியது அவருக்கு ஞாபகமே இல்லை.

எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார்.

"அழறியா?"

"உங்க பிரேக் ஆயில் நாத்தம். கண்ணு எரியுது."

"மன்னிச்சுடும்மா. உன் மேனேஜர்கிட்டயும் நானே வந்து சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம். கையைக் காருக்குள்ள நீட்டாதீங்க, ஒரே அழுக்கு." மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் ரெண்டு சக்கரம் பாக்கி இருக்கில்ல? போங்க."

பத்து நிமிஷ வேலை இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. மனைவி அக்காவுக்கு போன் போட்டு, "இந்த வாரம் வரலக்கா" என்றாள்.

சாயங்காலம் சிவப்பு கார் முதன்முறையாகத் தெருவில் இறங்கியது. டிரைவர் வாசலில் நின்று கையாட்டினார். ரேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவியும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

"வேணும் உங்களுக்கு!" டிரைவரின் மனைவி பிடித்துக்கொண்டாள். "கால் குத்துக்கல்லாட்டம் இருக்கு. ஒரு பத்து நிமிஷம் போய் மிதிச்சுக் குடுத்தா தேய்ஞ்சா போயிடுவீங்க? போதாக்குறைக்கு டெய்லரையும் போக விடல. என்ன மனுஷன் நீங்க?"

கார் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டிரைவர் சொன்னார்:

"நான் போய் மிதிச்சிருந்தா பிரேக் மட்டும்தானேடி சரியாயிருக்கும்?"