பிளாப்பி போட்ட இடம்

கிட்ட வாங்க மக்கா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒரு பிளாப்பி, சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஜங்ஷனுக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

சேரன்மகாதேவியில் காலை பஸ் திரும்பி நிற்பதற்குள் துண்டும் கைக்குட்டையும் தூக்குவாளி மூடியும் சன்னல் வழியாகப் பறந்து உள்ளே விழும். எது முந்தி விழுகிறதோ, அதன் சொந்தக்காரருக்கு அந்த இடம். சர்க்கார் போட்ட சட்டத்தில் ஒன்றைக்கூட மதிக்காதவர்களும் இந்தச் சட்டத்தை மட்டும் மீறியதில்லை.

கல்லூரியில் கடைசி வருஷம் படித்த சுகிர்தாவுக்கு இது ஆகாது. உலகமே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, நம் ஊர் இன்னும் துண்டுக்குள் கிடக்கிறதே என்று முகத்தைச் சுளித்தபடி, தினமும் நின்றுகொண்டே போய்வருவாள்.

அன்று அவள் கையில் ஒரு பிளாப்பி இருந்தது. கம்ப்யூட்டரில் செருகுகிற, உள்ளங்கை அகலக் கறுப்புத் தகடு. அதற்குள் அவள் எழுதிய கட்டுரை.

சிங்கப்பூரில் யாரோ நடத்திய இன்டர்நெட் பத்திரிகைக்கு அது மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அன்றுதான் கடைசி நாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வாராவாரம் சுகிர்தா பெயரிலேயே ஒரு பக்கம். வேறு பிரதி கிடையாது.

பைக்குள் வைக்கலாம்தான். ஆனால் பைக்குள் மோர்க்குழம்பு இருந்தது. பிளாப்பியில் ஈரம் படக்கூடாது என்று, கட்டுரையை அனுப்பப் போகிற வண்ணார்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லியிருந்தார்கள். கோயில் மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிற இடம். அங்கே சொன்னால் வேதவாக்கு.

முகூர்த்த நாள் வேறு. வண்டி வந்தபோது கூட்டம் மொய்த்த மொய்ப்பில், இடம் போடாதவர்கள் படியில் கால் வைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

அவள் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது.

பிளாப்பி சன்னல் ஓர இருக்கையில் போய் விழுந்தது. ஒரு மூச்சு பிந்தி, அதே இருக்கையில் சிவசைலம் அண்ணாச்சியின் துண்டு விழுந்தது.

அண்ணாச்சி டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். முழங்கால் வலிக்காரர். அந்த வண்டியில் முதல் துண்டு எப்போதும் அவருடையதுதான். அன்று தோற்றுப்போனார்.

இடம் பிடித்துவிட்டாள் சுகிர்தா. ஏறத்தான் முடியவில்லை. செருப்பு வார் அறுந்து, குனிந்து நிமிர்வதற்குள் படி அடைபட்டுவிட்டது. விசில் ஊதினார்கள். பிளாப்பி உட்கார்ந்து போயிற்று; சொந்தக்காரி தெருவில் நின்றாள்.

வண்டிக்குள் ஆள்மேல் ஆள். அந்த ஓர் இருக்கை மட்டும் சும்மா கிடந்தது. அண்ணாச்சி தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அதன் பக்கத்தில் நின்றார்.

"என்னவே அண்ணாச்சி, அந்தத் தகடு எந்திரிச்சு உமக்கு எடம் விடும்னு பாக்கீரா? எடுத்து மடியில வச்சிட்டு உக்காரும்வே" என்றார் கண்டக்டர்.

"முந்திப் போட்டது அந்தப் பிள்ளல்லா. அதுவும் படிப்புச் சாமான். அதைத் தள்ளிட்டு நான் உக்காந்தா எனக்கு வெளங்குமா?"

"பிள்ளயே வண்டியில இல்லவே!"

"அதுக்கு? எடம் அதோடதுதான்."

பத்தமடை வந்தது, பேட்டை வந்தது. அண்ணாச்சி வலது காலிலிருந்து இடது காலுக்கும், இடதிலிருந்து வலதுக்கும் மாறி மாறி நின்றார். டவுனில் அவர் இறங்க வேண்டிய இடமும் வந்தது. இறங்கவில்லை.

சுகிர்தா அடுத்த வண்டியில் ஒற்றைச் செருப்போடு ஜங்ஷனுக்கு ஓடி வந்தபோது, முந்தின வண்டி திரும்பிப் போவதற்காக நின்றுகொண்டிருந்தது. புதுக் கூட்டம் சன்னல் வழியாகத் துண்டுகளை வீச ஆரம்பித்திருந்தது.

உள்ளே ஒரே ஒரு ஆள். எல்லா இருக்கையும் காலி, ஆனாலும் நின்றுகொண்டிருந்தார். வந்து விழுந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்துகொண்டிருந்தார்.

"ஏலே, இங்கன போடாதிய! இந்த எடத்துக்கு ஆள் வருதுலே!"

அவளைப் பார்த்ததும் அண்ணாச்சி பிளாப்பியைப் பைய எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நீட்டினார்.

"நசுங்கல, நனையல. பாத்துக்கோ தாயி. உள்ள என்ன எழுதியிருக்க?"

"நம்ம பஸ்ஸப் பத்தி, அண்ணாச்சி."

"நம்ம பஸ்ஸா! அப்போ நானும் இருக்கேனா?"

அவள் பிளாப்பியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இருக்கீங்க அண்ணாச்சி."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வே, நான் கம்ப்யூட்டர்ல வாரேன், கேட்டீரா!" என்று கீழே நின்ற கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து டவுன் வண்டியைத் தேடிப் போனார்.

வண்ணார்பேட்டையில் சுகிர்தா மிஞ்சியிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பிளாப்பியைச் செருகியதும் கட்டுரை திரையில் விரிந்தது.

தலைப்பு: 'துண்டு எறியும் காட்டுமிராண்டி.'

முதல் வரி: 'எங்கள் பேருந்தில், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் இடம் பிடிக்கும் சுயநலக்காரர் ஒருவர் இருக்கிறார்.'

அனுப்பலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

சுகிர்தா பிளாப்பியை உருவிக்கொண்டு எழுந்தாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்ணிடம், "நீங்க உக்காருங்க" என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏறுகிற வண்டியில் எல்லாம் இடம் கிடைக்கட்டும், மக்கா. கிடைக்காமல் போகிற நாளில், அவர்களுக்காக நின்றுகொண்டே வர அந்த வண்டியில் ஓர் ஆள் இருக்கட்டும்.