கழற்ற அனுமதி இல்லை

கணவனின் உயிருக்கு நிர்வாகம் போட்ட விலை, ஒரு குமாஸ்தா நாற்காலி.

பேரம் பேச அவளுக்குத் தெம்பில்லை. அழுது முடிப்பதற்குள் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவன் தூங்கியதால்தான் பாய்லர் வெடித்தது என்று எழுதிய தாளிலும் அதே பேனாவால், அதே மூச்சில்.

இப்போது அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். மணி ஒன்றே முக்கால். இரண்டுக்குள் மானேஜர் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

மெஷினில் அவளுடைய சிவப்புப் பென்டிரைவ் செருகியிருக்கிறது. அதில், வெடித்த நாளின் பாய்லர் பதிவு.

அபாய மணி நாற்பது நிமிடம் அடித்திருக்கிறது. சரக்கு அன்றைக்கே போயாக வேண்டிய நாள். மாடியறையிலிருந்து யாரோ மணியை நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, மானேஜரின் பெயர் நேரத்தோடு பக்கத்திலேயே இருக்கிறது.

நாளைக் காலையில், அந்தப் பதிவு கிடக்கும் இந்தப் பழைய மெஷினைக் கழித்துக்கட்டிவிட்டுப் புதிது வைக்கப் போகிறார்கள்.

நகல் எடுக்க மூன்று நிமிடம். அதுவரைக்கும் எல்லாம் வெண்ணெய் மாதிரி நடந்தது. பென்டிரைவைக் கழற்றுவதற்கான பொத்தானை அழுத்தினாள்.

இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்டது.

சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். பயத்தில் மறந்துபோயிருந்தாள்.

முன்பு எவனோ அவசரப்பட்டு ஒன்றைப் பிடுங்கியதில் மொத்தப் பேருடைய சம்பளப் பட்டியலும் பாழாகிவிட்டதாம். அன்றிலிருந்து இந்த லினக்ஸ் மெஷின்களில் இப்படி ஓர் ஏற்பாடு. செருக யாரும் யாரையும் கேட்க வேண்டாம். செருகினால் தானாகவே திறந்துகொள்ளும். கழற்றத்தான் கணினி நிர்வாகி வர வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் திறந்து பார்த்து, நோட்டில் எழுதி, பாஸ்வேர்ட் போட்டுக் கழற்றித் தருவார்.

வா வா என்று உள்ளே விட்டுவிட்டு, வெளியே போகும்போது மடியைத் தடவிப் பார்க்கிற கடை.

பிடுங்கிவிடலாமா?

பென்டிரைவின் விளக்கு இன்னும் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எழுதுவது பாதி வழியில் நின்றுபோனால்? வெறும் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புப் போடவா?

மெஷினை அணைக்கவும் அதே பாஸ்வேர்ட்தான்.

அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம். மானேஜர் இந்த வழியாகத்தான் மாடியேறுவார். சிவப்பு டப்பா அவர் கண்ணில் படாமலா போகும்?

உள்ளங்கை ஈரத்தில் மவுஸ் வழுக்கியது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

கணினி நிர்வாகிதான். ஆபீஸ் முழுக்க அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். வாயும் அப்படி, பர்ஸும் அப்படி.

"என்னக்கா, மாட்டிக்கிச்சா?"

"பொண்ணோட ஸ்கூல் டான்ஸுக்குப் பாட்டு சார்." அந்தக் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

அவர் குனிந்து திறந்தார். பாட்டு எதுவும் இல்லை. ஒரே ஒரு கோப்பு. அதன் பெயரே ஒரு தேதிதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஆலையில் எல்லோரும் சொல்லக்கூடிய தேதி.

பூட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கருப்புத் திரை ஒன்றைத் திறந்தார், பாஸ்வேர்டைப் போட்டார், மளமளவென்று தட்ட ஆரம்பித்தார்.

நாலு வரி. ஐந்து வரி.

மேலிடத்துக்குத்தான் எழுதுகிறார். வேலை போகும், போகட்டும். திருட்டுக் கேஸ் போட்டால்? உள்ளே தள்ளிவிட்டால் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? நாத்தனாரா? இவள் போனை எடுக்கவே அவளுக்கு ஏழு நாள் ஆகிறது.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம்.

அவர் எழுந்தார். "இப்ப நீங்களே கழட்டுங்க."

அழுத்தினாள். திரை எதுவும் கேட்கவில்லை. விளக்கு ஒருமுறை நீளமாக எரிந்து அணைந்தது. இனி எடுக்கலாம் என்று வந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் அவங்கவங்களே கழட்டிக்கிற மாதிரி மாத்திட்டேன். நான் கழட்டினா நோட்டுல எழுதணும்க்கா. ஆறு தடவை பொய் எழுதியாச்சு. ஏழாவதுக்குக் கை வரல."

ஆறு தடவையா?

வாசலைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் அவர் சொல்லி முடித்தார். அன்று செத்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஆறு வீட்டுக்கு அவர் கையால் இதே கோப்பு போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. எல்லோரும் சேர்ந்துதான் கோர்ட்டுக்குப் போவதாகப் பேச்சு. நிர்வாகத்திடம் வேலை வாங்கிக்கொண்டவள் என்பதால் அவளிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

"அப்ப அந்த எட்டாவது வீடு?"

பூட்டு ஸ்டூலைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். கேட்ட பிறகுதான் அவளுக்கும் உறைத்தது.

எட்டாவது ஆள், பாய்லருக்குப் புதிதாக வந்திருந்த என்ஜினியர். மானேஜர் மனைவியின் தம்பி. அந்தம்மா துக்கம் கேட்க இவள் வீடு தேடி வந்து, இவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உன் வீட்டுக்காரர் மட்டும் தூங்காமல் இருந்திருந்தால் என் தம்பி இருந்திருப்பானே என்று விம்மி விம்மி அழுதுவிட்டுப் போனவள். அன்று இவள் அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

மானேஜர் உள்ளே வந்தார். எல்லாரும் சாப்டாச்சா என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டே மாடியேறினார்.

எட்டு வீடு. ஏழு ஆயிற்று. பாக்கி ஒன்று.