முதல் கட்டு

நடையில் வந்து நின்றுவிட்டாள். கால் நகரமாட்டேன் என்றது.

இரண்டாம் கட்டிலிருந்து முதல் கட்டுக்குப் போகிற நடை. நாற்பது வருஷம் அந்த வீட்டு மருமகளாக இருந்தும் அதைத் தாண்டியதில்லை.

முதல் கட்டு ஆண்களுக்கு. உப்பு வியாபாரிகளும் கப்பல் ஏஜெண்டுகளும் வந்து உட்காருகிற இடம். பெண்களுக்கு அடுக்களை, முற்றம், பக்கவாசல். கல்யாணத்தன்று மட்டும் அந்த வழியாக அழைத்து வந்தார்கள். புதுப்பெண் தலை நிமிரலாமா? தரையைத்தான் பார்த்தாள்.

மாமனார் போனார். பிள்ளைகளால் அவ்வளவு பெரிய பங்களாவைக் கட்டி மேய்க்க முடியவில்லை. அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஓவியக் கூடம். யாரும் வரலாம்.

அவளும் டிக்கெட் வாங்கித்தான் வந்தாள். ஆனால் பழக்கம் விடுமா? நேராகப் பக்கவாசலில் போய் நின்றாள். காவலாளி சிரித்துக்கொண்டே திறந்துவிட்டான்.

நாளைக்கு மகனோடு கோயம்புத்தூர் போகிறாள். முட்டி இருக்கிற லட்சணத்தில் திரும்பி வரப்போவதில்லை.

இன்று பார்த்தால்தான் உண்டு.

"உள்ள போங்க ஆச்சி. ஏன் நடையிலயே நிக்கிய?" என்றாள் சீருடை போட்ட பெண் ஒருத்தி.

போனாள்.

அடேயப்பா!

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். கட்டிப்பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள். சுவரெல்லாம் படங்கள். காலுக்கடியில் கல்யாணத்தன்று பார்த்த அதே கறுப்பு வெள்ளைக் கல்.

நடுச்சுவரில் மாமனார், சித்திரமாக. கை தானாக முந்தானையை இழுத்துப் போர்த்தியது.

பிறகு அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

ஆளுக்குக் காது பெரிசு. இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

கோடியில் எல்லாவற்றையும்விடப் பெரிய படம் ஒன்று. கடல். வரைந்தவன் கெட்டிக்காரன், வெயில்கூட அடிக்கிறதே என்று கிட்டப் போனாள்.

ஒரு தோணி நகர்ந்தது.

ஜன்னல்!

திருவிழாக் கூட்டத்தில் கடலைப் பார்த்திருக்கிறாள். அடுக்களையில் நின்று அலைச் சத்தம் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள்ளிருந்தே தெரியும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

எவ்வளவு கடல்! எங்கே பார்த்தாலும் கடல்.

கும்பிடத் தோன்றியது. கும்பிட்டாள். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

சீருடைப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"மொதத் தடவையா வாறிய, ஆச்சி? எந்த ஊரு?"

"இதே ஊருதான் தாயி." சத்தமாகவே சொன்னாள். "பக்கத்துலயேதான் இருந்தேன். வர்றதுக்குத்தான் இம்புட்டு நாளாச்சு."